வீடியோவின் சொந்தக்காரர்

இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்புமுன் ருக்மிணியின் போன் அடித்துவிடும். சீசன் மாதங்களில் இலஞ்சியில் அந்த வீட்டுக்குப் பொழுது விடிவதே அப்படித்தான். அவள் புருஷன் தாணு ஐந்து மணிக்கே குற்றாலம் போய், அருவியில் தண்ணீர் விழுவதைப் போனில் படம் பிடித்து அனுப்புவான். இவள் ஒரு கையில் மாவுக் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்று, நீளத்தை வெட்டி, தலைப்பு எழுதி, ஆறு மணிக்குள் ‘சாரல் சேதி’ பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும். இரண்டரை லட்சம் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் குளிக்கக் கிளம்பினார்கள்.

“ஏட்டி, போட்டுட்டியா?”

“போடுதேன். இட்லி அடுப்புல இருக்கு.”

“இட்லி எங்கயும் ஓடிராது. மதுரக்காரன் வண்டிய எடுக்கதுக்கு முன்ன நம்மளப் பாக்கணும். ‘பேரருவி ஆர்ப்பரிக்குது’ன்னு தலைப்பு போடு.”

“நூலு மாதிரில்லா விழுது. இதுல எங்கன ஆர்ப்பரிக்குது?”

“அதை வாரவன் வந்து பாத்துக்கிடட்டும். நீ போடு.”

அவள் போட்டாள். மூன்று வருஷமாக இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் வருகிற கடிதங்களைப் படிப்பது, பதில் எழுதுவது, படத்தை வெட்டி ஒட்டுவது எல்லாம் அவள் வேலை. தாணுவுக்குப் படம் பிடிக்க மட்டும்தான் தெரியும். மேலும், அந்தப் பக்கமே அவள் பெயரில்தான் இருந்தது. அதற்கொரு காரணம் உண்டு. தாணு முதலில் தன் பெயரில் வைத்திருந்த பக்கத்தில், தியேட்டருக்கு வந்த மறுநாளே புதுப் படங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டிருந்தான். வீடியோ கம்பெனிக்காரன் அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். இனிமேல் தாணு என்ற பெயரில் கடை திறக்க முடியாது என்றதும் பெண்டாட்டி பெயரில் திறந்துகொண்டான்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு வாசலில் கோர்ட் அமீனா வந்து நின்றார். “ருக்மிணிங்கிறது நீங்கதானாம்மா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று கனத்த உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், தென்காசி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. முதல் பிரதிவாதி ருக்மிணி. இரண்டாம் பிரதிவாதி தாணு. வழக்குப் போட்டவர் நிர்மலாதேவி, இடைநிலை ஆசிரியை, வாசுதேவநல்லூர்.

 அந்தப் பெயர் ருக்மிணிக்குத் தெரியும்.

போன ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மலைக்கு மேலே மழை கொட்டி, பேரருவியில் தண்ணீர் திடுதிப்பென்று கூடிவிட்டது. விசில் ஊதி எல்லாரையும் வெளியே விரட்டினார்கள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். சேலையைத் தண்ணீர் உருவிக்கொண்டு போய்விட்டது. அவள் கம்பியைக் கட்டிக்கொண்டு, எழுந்திருக்கவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் கிடந்தாள். எதிரே பாலத்தின் மேல் நின்ற தாணு ஓடவில்லை, கையை ஆட்டி யாரையும் கூப்பிடவில்லை. போனைப் பெரிதாக்கி, தூரத்தில் கிடந்தவளைக் கிட்டே இழுத்துப் படம் பிடித்தான். ஒரு பெண் செத்துவிடுவோமோ என்று அலறுகிறாள், இந்த ஆள் கை நடுங்காமல் நிற்கிறான். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. மிச்சத்தைச் செய்தது ருக்மிணி. வீடியோவின் கடைசி நாலு நொடியில், சீயக்காய்ப் பொடி விற்கிற ஓர் அம்மாள் ஓடிவந்து தன் துண்டை எடுத்து விழுந்தவள்மேல் போர்த்துகிறாள். அந்த நாலு நொடியை ருக்மிணி வெட்டி எறிந்தாள். போர்த்திய பிறகு எவனும் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தி முகப்புப் படமாக வைத்தால் ஆட்கள் தட்டுவார்கள் என்பதும் தெரியும். அந்த இடத்தையே தேடி வைத்தாள். ‘பெண்கள் பகுதியில் திடீர் வெள்ளம்! கடைசி வரை பாருங்க!’ என்று எழுதினாள். பதினான்கு லட்சம் பேர் கடைசி வரை பார்த்தார்கள். கீழே அவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் இங்கே எழுதினால் இந்தக் காகிதம் நாறிப்போகும்.

ஏழாம் நாள் அந்த ஆசிரியையிடமிருந்தே பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. ‘அந்த வீடியோவில் இருப்பது நான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, டீச்சர், நீங்க அருவியில விழுந்த வீடியோ எங்க அப்பா போன்ல இருக்கு, மாமாவுக்கெல்லாம் காட்டுதாரு என்று சொல்கிறான். நான் எந்த முகத்தோடு பாடம் நடத்த?’

ருக்மிணி அதைத் தாணுவிடம் காட்டினாள்.

“பதில் போடாத. அவளுக்கு முன்னயே அது ஊரு பூரா போயிட்டு. இனிமே எடுத்து என்ன ஆகப் போவுது?”

“பாவமா இருக்குங்க.”

“பொது இடத்துல குளிக்க வந்தவளுக்கு என்ன பாவம்? உன் சோலியப் பாரு.”

அவளும் தன் சோலியைப் பார்த்தாள். அந்தச் செய்தி அப்படியே கிடந்தது. இப்போது அதன் நகல், வழக்குக் கட்டில் மூன்றாவது தாளாக வந்திருந்தது. அதற்கடியில் இன்னும் பதினோரு தாள்கள். உலகம் பூரா கடை விரித்திருக்கிற அந்த வீடியோ கம்பெனிக்கு ஆசிரியை அனுப்பிய பதினோரு புகார்கள், பதினோரு பதில்கள். ‘இந்த வீடியோ பொது இடத்தில் எடுக்கப்பட்டது. எங்கள் விதிகளை மீறவில்லை.’ ஒவ்வொரு பதிலின் அடியிலும், எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியளித்ததா என்று ஒரு கேள்வி வேறு.

தென்காசியில் வக்கீல் வெங்கடேஸ்வரனின் அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். வக்கீல் கட்டைப் புரட்டிப் பார்த்தார். வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார். தாணு காட்டினான். ஒரு முறை பார்த்தார். சட்ட நுணுக்கம் ஏதோ இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறையும் பார்த்தார். ருக்மிணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்தது நீருன்னு ஒத்துக்கிட்டா போலீஸ் கேஸ் வரும்வே. கோர்ட்டுக்கும் அலையணும், ஸ்டேஷனுக்கும் அலையணும்” என்றார் வக்கீல். “அதனால, யார் எடுத்தான்னு தெரியாது. வாட்ஸ்அப்ல வந்துச்சு. மக்களுக்கு எச்சரிக்கையா இருக்கட்டுமேன்னு செய்தியாப் போட்டோம். செய்தி போடுதது கருத்துச் சுதந்திரம். அதத் தடுக்கச் சொல்லுதது குரல்வளைய நெரிக்கிற வேலை. இப்படியே நிப்போம்.”

“அப்படிப் போடுங்க அண்ணாச்சி!” என்றான் தாணு. அவனுக்கு அந்தக் குரல்வளை மிகவும் பிடித்துப் போயிற்று. அன்று சாயங்காலமே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பாலத்தின்மேல் நின்று பேசினான். “உண்மையச் சொன்னா வழக்கு! செய்தி போட்டா நோட்டீஸ்! ‘சாரல் சேதி’யோட குரல்வளைய நெரிக்கப் பாக்காங்க. நான் அஞ்சமாட்டேன்!” ஆறாயிரம் பேர் ‘நாங்கள் இருக்கிறோம் அண்ணா’ என்று எழுதினார்கள். எந்தச் செய்திக்காக வழக்கு என்று அவன் சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை.

ருக்மிணிக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாட்ஜின் சாக்கடை ஓடையில் நேராகக் கலப்பதைத் தாணு படம் பிடித்திருந்தான். குளிக்க வருகிறவர்கள் பார்க்க வேண்டிய படம். லாட்ஜ்காரர் போன் போட்டு, ‘நம்ம விளம்பரத்த உம்ம பக்கத்துலயே போடலாம்னு இருக்கோம்’ என்றதும், ஒரு மணி நேரத்தில் அதை அழிக்கச் சொன்னான். அழித்தவளும் அவள்தான். அன்றைக்கு இந்தக் குரல்வளை எங்கே போயிருந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. 

வழக்கு எந்த வீடியோவுக்கு என்று ஊரில் கசிந்ததும், பழைய வீடியோவைத் தேடிப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பிற்று. அதுதான் நம் ஆட்களின் வழக்கம். பார்க்கக் கூடாது என்று ஒருத்தி கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்தக் கூட்டத்தைக் கண்டு செங்கோட்டையில் இதே தொழில் செய்கிற ஸ்ரீகணேஷ் என்பவன் அந்த வீடியோவை இறக்கி, ‘சாரல் சேதி’ என்ற எழுத்தின்மேல் தன் பக்கத்தின் பெயரை ஒட்டி, தன் பக்கத்தில் ஏற்றிவிட்டான். இரண்டு நாளில் நாலு லட்சம் பேர் அங்கே பார்த்துவிட்டார்கள்.

தாணு குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே!

“திருட்டு மூதி! நான் சாரல்ல நனைஞ்சு, கால் கடுக்க நின்னு எடுத்தது. இவன் வீட்டுல உக்காந்துக்கிட்டு நோகாம எடுத்துப் போடுதான். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டானா? கேக்காம எடுக்கதுக்கு இது என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா? ஏட்டி, கம்பெனிக்கு எழுது. உடனே எழுது!”

“கேஸ் நடக்கும்போது எதுக்குங்க?”

“கேஸ் வேற, திருட்டு வேற. எழுதுன்னா எழுது.”

அவள் எழுதினாள். கம்பெனியின் படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். இந்த வீடியோவை எடுத்தவர் யார்? எஸ். தாணு. உரிமையாளர் யார்? எஸ். தாணு. எடுத்த இடம்? குற்றாலம் பேரருவிக்கு எதிரிலுள்ள பாலம். இதைப் பயன்படுத்த யாருக்காவது அனுமதி கொடுத்தீர்களா? இல்லை. மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதிமொழிகிறீர்களா? ஆம். தாணு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் அழுத்தமாகச் சொன்னான். வக்கீலிடம் ஒரு வாரத்துக்கு முன் என்ன சொன்னோம் என்பது அவன் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன் பொருள் களவு போனவனின் ஆத்திரத்தில் இருந்தான் அவன்.

இரண்டே நாள். சரியாக இரண்டாம் நாள் மத்தியானம் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ‘உங்கள் உரிமை மீறப்பட்டதற்கு வருந்துகிறோம். அந்த வீடியோ நீக்கப்பட்டது.’

தாணு தொடையைத் தட்டிச் சிரித்தான். ருக்மிணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உள்ளே போய் அந்த வழக்குக் கட்டை எடுத்துவந்து, ஆசிரியையின் பதினோரு புகார்களையும் மறுபடி படித்தாள். முதல் புகார் ஆடியில். கடைசிப் புகார் பங்குனியில். ‘இது என் உடம்பு’ என்று ஒருத்தி பதினோரு தடவை எழுதியிருக்கிறாள். எட்டு மாதம் ஒருவரும் அசையவில்லை. ‘இது என் வீடியோ’ என்று இவன் ஒரு தடவை சொன்னதும் இரண்டு நாளில் தூக்கிவிட்டார்கள். அவளுக்கு அருவருத்துப் போயிற்று. கம்பெனியை நினைத்து, புருஷனை நினைத்து, அந்த முகப்புப் படத்தைத் தேடி நிறுத்திய தன் விரலை நினைத்து.

“என்னங்க, நம்ம பக்கத்துல இருக்கதையும் எடுத்துருவோம். அந்த டீச்சர்கிட்ட ஒத்துக்கிடுவோம்” என்றாள்.

“கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? ஒத்துக்கிட்டா உள்ள வச்சிருவான். அவ ஒனக்கு அக்காவா, தங்கச்சியா? என்னத்துக்கு இப்படித் துடிக்க?”

“அக்கா தங்கச்சியா இருந்தாத்தான் மனுஷியா? ரோட்டுல போறவளா இருந்தா மனுஷி இல்லியா?”

“புருஷனை ஜெயிலுக்கு அனுப்பணும்னு ஆசையா இருந்தா நேரா சொல்லு” என்று சொல்லிவிட்டுத் தாணு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.  ஜெயில் என்ற சொல் அவள் வாயை அடைத்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் தாலி கட்டியவன், அவனை நம்பித்தான் வீடு ஓடுகிறது. ஆனால் வாய்தா நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் நல்ல கூட்டம். ஓரத்து பெஞ்சில் நிர்மலாதேவி தன் வக்கீலம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குவரை மாஸ்க் போட்டிருந்தாள். சேலை முந்தானையைக் கழுத்தைச் சுற்றி ஊக்குக் குத்தி வைத்திருந்தாள், அந்த வெக்கையிலும். தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேர் ஒரு போனைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். “இவதாம்லே” என்றான் ஒருவன். அது நிர்மலாதேவி காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருந்து பழகிவிட்டாள் போலிருக்கிறது. தூ, நீதி கேட்டு வருகிற இடத்தில்கூடவா!

வக்கீல் வெங்கடேஸ்வரன் ருக்மிணியிடம் ஒரு தாளை நீட்டினார். “எதிர்மனு. நீங்கதான் முதல் பிரதிவாதி. மொதல்ல நீங்க போடணும்.”

ருக்மிணி படித்தாள். ‘மேற்படி காணொளியை எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அது வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்தது. இதில் கண்டவை அனைத்தும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன்.’

“இன்னொரு தரம் படிச்சிட்டுப் போடுதேன் சார்” என்றாள்.

“படிக்க என்னட்டி இருக்கு? போடு” என்று தாணு பேனாவை அவள் விரலில் திணித்தான். அதற்குள் உள்ளே வழக்கின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்தில்லாத தாளோடு மூவரும் உள்ளே போனார்கள்.

நீதிபதி ஒரு பெண். கட்டைப் புரட்டிவிட்டு, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டார். வெங்கடேஸ்வரன் எழுந்து, செய்தியின் சுதந்திரம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அழித்துப்போட்ட அந்த லாட்ஜ் சாக்கடைப் படத்துக்காக இந்தப் பேச்சைப் பேசியிருந்தால் கைதட்டலாம். பேசி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்றைச் சொன்னார்.

“மேலும் அந்த வீடியோவில் முகமே தெளிவா இல்ல, மேடம். அது மனுதாரர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பென்டிரைவ் கோர்ட்டில் இருக்கு. இங்கேயே போட்டுப் பாத்துரலாம். மனுதாரரும் மாஸ்க்கைக் கழட்டிட்டு நிக்கட்டும். ஒப்பிட்டுப் பாத்துரலாம்.”

கோர்ட் ஹாலில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். வரப்புத் தகராறுக்காக வந்திருந்த ஒரு பெரியவர், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். நிர்மலாதேவி எழுந்து நின்றிருந்தாள். மாஸ்க்கின்மேல் அவள் கை இருந்தது, ஆனால் மாஸ்க்கைக் கழற்றவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கண் எதிர்ச் சுவரில் நிலைகுத்தி நின்றது.

அந்தப் பெரியவரின் கண்ணாடியைப் பார்த்தாள் ருக்மிணி. தாணுவைப் பார்த்தாள். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஜெயில் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“அம்மா, போட வேண்டாம்மா!” என்று கத்திவிட்டாள்.

நீதிபதி நிமிர்ந்தார். “யாரது?”

“நான்தான் முதல் பிரதிவாதி, ருக்மிணி. அது இந்த டீச்சர்தாம்மா. ஒப்பிட்டெல்லாம் பாக்க வேண்டாம். எடுத்தது எங்க வீட்டுக்காரரு. பாலத்துல நின்னு எடுத்தாரு. கடைசியில ஒரு அம்மா துண்டப் போத்துவாங்க, அத வெட்டிட்டு ஏத்துனது நான். வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு சொல்லுததெல்லாம் பொய்.”

“ஏட்டி!” என்று தாணு எழுந்தான். டவாலி அவனை உட்கார வைத்தார். வெங்கடேஸ்வரன், “மேடம், என் கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்ல, வாய்தா வேணும்” என்றார்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. இந்தாங்க” என்று ருக்மிணி போனை நீட்டினாள். “அந்த வீடியோவ செங்கோட்டக்காரன் ஒருத்தன் கேக்காம எடுத்துப் போட்டுட்டான், திருட்டுன்னு, இவரு கம்பெனிக்குப் புகார் சொன்னாரு. நானே எடுத்தது, நானே உரிமையாளருன்னு உறுதிமொழி குடுத்தாரு. எழுதினது நான். ரெண்டே நாளுல அத எடுத்துட்டாங்கம்மா.”

நீதிபதி போனை வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு வெங்கடேஸ்வரனைப் பார்த்து, “இன்னிக்கு நீங்க தாக்கல் பண்றதா இருந்த எதிர்மனுவில் என்ன சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டார். வக்கீல் அந்தத் தாளை மெதுவாக மடித்துக் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

அன்றே இடைக்கால உத்தரவு ஆயிற்று. ‘சாரல் சேதி’யிலிருந்து வீடியோவை உடனே எடுக்க வேண்டும். கம்பெனிக்கும் உத்தரவு. ஆனால் நிர்மலாதேவியின் வக்கீலம்மா எழுந்து, “மேடம், நாப்பத்தோரு பக்கத்துல இதோட நகல் இருக்கு. உத்தரவு போய்ச் சேர்ந்து, அவங்க பதில் போட்டு எடுக்கிறதுக்குள்ள இன்னும் நாப்பது வந்திரும்” என்றார்.

ருக்மிணி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். “வீடியோவுக்குச் சொந்தக்காரன் சொன்னாத்தான் அந்தக் கம்பெனி கேக்கும்மா. நாளைக்கு எவனாவது புதுசாப் போட்டா, இவங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமா? அந்த வீடியோவ இவங்க பேருக்கே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பொறவு இவங்களே புகார் சொல்லி எடுத்துக்கிடலாம்.”

 நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரு தரப்பும் பேசி முடித்து வாருங்கள் என்று ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

அந்த ஒரு வாரமும் தாணு வீட்டில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். அவள் உள்ளே போய் ‘சாரல் சேதி’யை நிரந்தரமாக மூடினாள். அது அவள் பெயரில் இருந்ததால் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாணுவோ, எழுதிக் கொடுத்துவிட்டால் ஆசிரியை மனம் இரங்கி, கோர்ட்டில் நடந்ததை வைத்துப் போலீசில் கொடுத்திருக்கிற புகாரைத் திரும்ப வாங்கிவிடுவாள் என்று வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு முத்திரைத் தாள் வாங்கப் போனான்.

அடுத்த வாய்தா அன்று அதே வராந்தாவில் அவன் கையெழுத்துப் போட்டான். ருக்மிணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மா தாளை நிர்மலாதேவியிடம் கொடுத்தார். அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘குற்றாலத்தில் என்னால் எடுக்கப்பட்ட, முப்பத்தெட்டு நொடி கொண்ட மேற்படி காணொளியின்மீது எனக்குள்ள சகல உரிமைகளையும் இன்று முதல் தங்களுக்கு மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கிறேன்.’

“மனப்பூர்வமாவா?” என்று கேட்டாள். அவள் முகம் கசந்துபோயிருந்தது. “அப்போ நேத்து வரைக்கும் நான் இந்த ஆளு பேருல இருந்துருக்கேன். இன்னைக்கு என்னை எனக்கே எழுதிக் குடுக்காரு.”

ருக்மிணி கை கூப்பினாள். “டீச்சர், நானும் செஞ்ச தப்புதான். அந்த முகப்புப் படம் வச்சது நான். என்ன மன்னிச்சிருங்க.”

“நீங்க கடைசியிலயாவது எந்திரிச்சு நின்னீங்க. அதுக்காக மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் மனசு ஆறல.”

தாணு தொண்டையைச் செருமினான். “டீச்சர், அதான் எழுதிக் குடுத்தாச்சே. போலீஸ்ல குடுத்த புகார வாபஸ் வாங்கிட்டீயன்னா நல்லாருக்கும். நமக்குள்ள முடிஞ்சுபோன விஷயம்தான?”

நிர்மலாதேவி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“வாபஸ் வாங்க மாட்டேன். அந்தச் செங்கோட்டக்காரன் உம்ம படத்த எடுத்தப்போ நீரு அவனை என்ன சொன்னீருன்னு உம்ம வீட்டம்மா கோர்ட்ல சொல்லிட்டாங்க. கேக்காம எடுத்தான், திருட்டுன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீரு. என் வகுப்புல முதல் நாளு வார பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கதும் அதுதான். அடுத்தவன் பென்சில கேக்காம எடுக்காத. பென்சிலுக்கு உள்ள அந்த மரியாத ஒரு மனுஷிக்கு இல்லியா? வாய் இருக்கிற எல்லாருக்கும் பேசுத சுதந்திரம் உண்டு, அத நானும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா அடுத்தவங்க மேல கை வைக்கதுக்குப் பேரு சுதந்திரம் இல்ல, திருட்டு. உமக்கு அது உம்ம பொருள் போனாத்தான் தெரியுது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, வந்து சேரும்.”